இரண்டரையா, மூன்றா?

"மூச்சு முட்டுது."

சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். வாசலில் அவள் கணவரான பிளம்பர் காரின் பின்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கு? உங்களுக்கா?"

"வண்டிக்கு."

"நல்ல வேளை. நான் பயந்தே போயிட்டேன்."

பிளம்பர் புகைக்குழாய்க்குள் விட்டிருந்த விரல்களை வெளியே எடுத்தார். கரி அப்பியிருந்தது. அதை வைத்தியர் நாடி பார்த்த கையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ரெண்டு விரல் போறதே கஷ்டமா இருக்கு. இதுக்குள்ள ஒரு எஞ்சினோட புகை மொத்தமும் எப்படிப் போகும்? நம்ம வீட்டு சிங்க்குக்கே இதைவிடப் பெரிய குழாய் போட்டிருக்கேன்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இதைக் கேட்டதும் பிளம்பருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஊரில் பாதி வீடுகளுக்குத் தண்ணீர் வருவதும், மீதி வீடுகளிலிருந்து தண்ணீர் போவதும் அவர் கைவேலைதான். குழாய் விஷயத்தில் அவரை இதுவரை யாரும் மறுத்துப் பேசியதில்லை. பேசியவர்கள் வீட்டில் கூரை ஒழுகியது.

ஆனால் இந்த முறை விஷயம் குழாயோடு நிற்கவில்லை. மானத்தோடு கலந்துவிட்டது.

கார் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. பழைய கார்தான், ஆனால் டர்போ வைத்த டீசல் எஞ்சின். விற்றவர் "மலையைக் கண்டா பறக்கும்" என்று சொல்லித்தான் விற்றார். சமதரையில் அது மரியாதையாக ஓடியது. மலையைக் கண்டதும் பறக்கவில்லை, யோசிக்க ஆரம்பித்தது.

மலை உச்சியில் மச்சான் புது வீடு கட்டியிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா தங்கை இரண்டு குடும்பமும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மூன்றாவது வளைவில் சகலையின் சின்ன பெட்ரோல் கார் பிளம்பரைத் தாண்டிப் போயிற்று. சகலை மருந்துக்கடை வைத்திருப்பவர். தாண்டும்போது ஹாரன் அடித்திருந்தால்கூடப் பொறுத்திருக்கலாம். அவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி டாட்டா காட்டினார்.

சாப்பாட்டு மேஜையில் அது தொடர்ந்தது.

"சகலை, டர்போன்னு சொன்னீங்க. எனக்கு என்னமோ தள்ளுவண்டி மாதிரி தெரிஞ்சுது."

"டர்போதான்."

"அப்ப அதை வீட்டுலயே மறந்து வச்சிட்டு வந்துட்டீங்க போல."

மச்சான் சிரித்து, புரையேறி, தலையில் தட்டிக்கொண்டார். பிளம்பர் சிரிக்கவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமையும் வர்றோம்ல? அன்னிக்குப் பார்ப்போம்."

"பார்ப்போம். அன்னிக்கும் நான் முன்னாடி வந்துட்டா, பேசாம வண்டியை வித்துடுங்க. நம்ம வண்டியிலேயே பின் சீட்ல ஜாலியா வாங்க. ஜன்னலோரம் தரேன்."

அந்த ஜன்னலோரம்தான் பிளம்பரைச் சுட்டது. சொந்தக் கையால் சம்பாதித்து, சொந்தக் காலால் ஆக்சிலேட்டரை அழுத்தும் மனிதனிடம் வந்து, ஜன்னலோரமாம்.

"சரி. நான் முன்னாடி வந்துட்டா?"

"நீங்களா?"

"நான்தான். வந்துட்டா, இதே மேஜையில, எல்லார் முன்னாடியும், 'சகலை, உங்க வண்டிதான் வண்டி'ன்னு உங்க வாயால சொல்லணும்."

"ஒரு தடவை என்ன, பாட்டாவே பாடறேன்."

அன்றிலிருந்து பிளம்பர் சரியாகச் சாப்பிடவில்லை. வேலைக்குப் போன வீடுகளில் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் புகை தெரிந்தது. கடைசியில் இன்றைக்குக் காலையில் நோய் பிடிபட்டுவிட்டது.

"டர்போன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்."

"எஞ்சின் விடற புகை ஒரு சக்கரத்தைச் சுத்தும். அந்தச் சக்கரம் இன்னொரு சக்கரத்தைச் சுத்தும். அது வெளிக்காத்தைப் பிடிச்சு எஞ்சினுக்குள்ள திணிக்கும். திணிக்கத் திணிக்கப் பலம். இப்ப, சக்கரத்தைச் சுத்தின புகைக்கு அதுக்கப்புறம் அங்க என்ன வேலை? கிளம்ப வேண்டியதுதானே? இந்த ஒல்லிக் குழாய் அதைக் கிளம்ப விடாம வாசல்லயே நிக்க வச்சிருக்கு."

"விருந்து முடிஞ்சும் செருப்பைத் தேடிக்கிட்டே நிப்பாங்களே சில சொந்தக்காரங்க, அது மாதிரியா?"

"அதேதான். கதவைப் பெருசா திறந்து விட்டா எல்லாரும் போயிடுவாங்க."

"அப்ப பெருசாவே போட்டுடுங்க."

பிளம்பர் கொஞ்சம் திகைத்தார். வீட்டுக்கு ஒரு திரைச்சீலை வாங்குவதென்றால்கூட ஒன்பது கேள்வி கேட்பவள் இவள். காருக்கு என்றதும் ஒரு கேள்விகூட இல்லை. வண்டிமேல் அவளுக்கும் ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அதில் ஒரு சந்தோஷம்.

சைலன்சர் கடைக்காரர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்து, குனிந்து பார்த்தார்.

"ரெண்டரை இஞ்ச் போதும்."

"மூணு."

"இந்த எஞ்சினுக்கு ரெண்டரையே தாராளங்க. மூணு போட்டா எஞ்சினுக்குக் கெடுதல் இல்ல. ஆனா அடியில இடம் கம்மி. பின் அச்சைத் தாண்டற இடத்துல இடிக்கும். சத்தமும் ஜாஸ்தி வரும்."

"இடிச்சா வளைச்சுக்கலாம்."

"வளைக்கிறது அவ்வளவு லேசு இல்லீங்க."

"குழாய் வளைக்கிறதைப் பத்தி என்கிட்டயா சொல்றீங்க?"

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நீங்களே சொல்லுங்க."

"ரெண்டரையே இருக்கட்டும். என்கிட்டயே ரெண்டரைக் குழாய் கிடக்கு. ஆஸ்பத்திரி சமையல்கட்டுக்குப் போட்டு மிச்சமானது, துருவே பிடிக்காது. வீட்டுல நானே மாட்டிக்கறேன். நீங்க இணைக்கிற தகடும் கிளாம்ப்பும் மட்டும் குடுங்க."

"ரெண்டரைக்குத்தானே?"

"ரெண்டரைக்குத்தான்."

"நிச்சயமா?"

"ஐயா, அந்தக் குழாயை நான் என் தோள்ல தூக்கிட்டு மூணு மாடி ஏறியிருக்கேன்."

வீட்டுக்கு வந்து காருக்கு அடியில் நுழைந்தார். கிளாம்ப் குழாயைச் சுற்றி வரவில்லை. சுத்தியலால் தட்டினார்; வரவில்லை. எண்ணெய் போட்டார், எண்ணெய் மட்டும் முகத்தில் சொட்டியது. குழாயையும் கிளாம்ப்பையும் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினார்.

"ரெண்டரைன்னு சொல்லி வேற எதையோ குடுத்திருக்கீங்க."

கடைக்காரர் குழாயை வாங்கி அளந்தார். "இது ரெண்டரையே இல்லீங்களே. மூணுக்குக் கொஞ்சம் கம்மி."

"உள்ள அளந்து பாருங்க."

"உள்ள எதுக்கு அளக்கணும்? நாங்க வெளி அளவுதான் பார்ப்போம்."

"நாங்க உள்ள எவ்வளவு போகும்னுதான் பார்ப்போம். தண்ணி உள்ளதானே போகுது?"

"கிளாம்ப் வெளியதானே மாட்டறோம்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேரும் அவரவர் தொழிலில் இத்தனை வருஷம் இரண்டரை இரண்டரை என்று சொல்லி வந்திருக்கிறார்கள். அது ஒரே இரண்டரை இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் தெளிந்தவர் பிளம்பர். "அப்ப என் குழாய் கிட்டத்தட்ட மூணு. நான் முதல்லயே என்ன சொன்னேன்? மூணுன்னு சொன்னேன். மூணு இஞ்ச் தகடும் கிளாம்ப்பும் குடுங்க."

"கொஞ்சம் லூசா இருக்குமே."

"லூசா இருக்கிறதை டைட் பண்றதுதாங்க என் தொழிலே."

டைட் பண்ணுவதற்கு அவரிடம் ஒரே முறைதான் உண்டு. சணலைப் பிரித்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் வெள்ளைக் கலவையைப் பூசி இறுக்குவது. அந்த முறையில் அவர் போட்ட இணைப்பு ஒன்றுகூட ஒழுகியதில்லை. பின் அச்சைத் தாண்டுவதற்குக் குழாயை வளைக்கப் பொறுமை இல்லை. சுவர் மூலைக்குப் போடும் எல்போக்களையே மரை வைத்து மாட்டினார். ஒன்று மேலே ஏற, ஒன்று அந்தப் பக்கம் போக, ஒன்று இறங்க, ஒன்று திரும்ப. கடைசியாக, வால் பக்கம், பெரிதாக ஒரு வளைவு.

மனைவி குனிந்து பார்த்தாள்.

"இது சிங்க்குக்கு அடியில ஒரு யூ மாதிரி இருக்குமே, அது மாதிரி இருக்கே?"

"அதேதான். அது இல்லேன்னா சாக்கடை நாத்தம் வீட்டுக்குள்ள திரும்பி வரும்."

"கார்ல?"

"கார்லயும் வராது. பெரிய கம்பெனிக்காரனுக்கே தோணலை பாரு."

"உங்க மூளைக்கு நீங்க எங்கயோ இருந்திருக்கணும்," என்றாள் மனைவி, ரொம்ப மனப்பூர்வமாக.

பிளம்பர் எஞ்சினை முடுக்கினார். வண்டி கனத்த குரலில் உறுமிற்று. "கேட்டியா? மூச்சு விடுது." இன்னும் கொஞ்சம் விட வைத்தார். இன்னும் கொஞ்சம். குழாய் சூடேறியது. சூடு சணலுக்கு ஏறியது. தண்ணீர்க் குழாயில் சணல் சூடாவதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வண்டியின் அடியிலிருந்து, புகை வர வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலிருந்தும் புகை வந்தது.

எதிர்வீட்டு டீச்சர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் தீயணைப்புப் பயிற்சி கொடுப்பவர் அவர்தான். யாரையும் கேட்கவில்லை. வாளியோடு இறங்கி வந்து, வண்டியின் வால் பக்கமாக நின்று, குறி பார்த்து வீசினார். கொஞ்சம் தண்ணீர் சணலுக்குப் போயிற்று. கொஞ்சம், குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பிளம்பருக்கு. மிச்சமெல்லாம் குழாயின் வாய்க்குள்.

"அணைஞ்சுடுச்சு," என்றார் டீச்சர்.

"டீச்சர், அது எரியலை. அது பழகிட்டிருந்துச்சு."

"பழகட்டும். வாளியை வாசல்லயே வைக்கிறேன்."

மறுநாள் காலை, சணலுக்குப் பதிலாகத் தகரத்தைச் சுற்றி இறுக்கிவிட்டு, பிளம்பர் மறுபடியும் எஞ்சினை முடுக்கினார். குழாய்க்குள் யாரோ வாய் கொப்பளிப்பது போலக் குளகுளவென்று ஒரு சத்தம். நேற்று உள்ளே போன தண்ணீர் எங்கேயும் போகவில்லை. அவர் வைத்த யூ வளைவில், சிங்க்குக்கு அடியில் நிற்பது போலவே, ஒரு சொட்டுச் சிந்தாமல் நின்றுகொண்டிருந்தது. வேலை சுத்தம்.

"தண்ணிதான், தள்ளிடும்," என்று சொல்லி ஆக்சிலேட்டரை அழுத்தினார்.

தள்ளியது. ராத்திரி முழுக்கக் கரியில் ஊறிய தண்ணீர் அத்தனையும் ஒரே மூச்சில் தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு வாசல் கொடியில் காய்ந்த வெள்ளைப் படுக்கை விரிப்பில் போய் ஒட்டியது.

டீச்சர் வெளியே வந்தார். விரிப்பைப் பார்த்தார். பிளம்பரைப் பார்த்தார். கத்தவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறதே, அதுதான்.

"இதுவும் பழகுதா?"

"துவைச்சுக் குடுத்துடறேன் டீச்சர்."

"நீங்க எதையும் தொடாம இருந்தாலே போதும்."

அங்கே நிற்பது உசிதமில்லை என்று பிளம்பர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நேரே ஏற்றமான ரோட்டுக்கு. சோதனை பண்ணிப் பார்த்துவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் வண்டி போன ஞாயிற்றுக்கிழமையைவிட மெதுவாகப் போயிற்று. காய்கறிக் கூடையோடு நடந்துபோன ஒரு அம்மா அவருக்குப் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் வந்து, "யாரையாவது தேடறீங்களா?" என்று விசாரித்துவிட்டு முன்னால் போனார்.

பிளம்பருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. தெரியாமல் என்ன? ஒவ்வொரு எல்போவிலும் தண்ணீரின் வேகம் குறையும் என்று எத்தனை வீட்டுக்காரர்களுக்கு அவரே பாடம் எடுத்திருக்கிறார். புகையும் அப்படித்தானே முட்டி முட்டித் திரும்பும். "குழாய் தப்பில்லை. மூலைதான் தப்பு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். முகத்தில் தெளிவு. திரும்பி வரும் வழியில் ஒரு வேகத்தடை. தாழத் தொங்கிய யூ வளைவு அதைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டது. வண்டி வந்தது; யூ வளைவு வரவில்லை. கூடவே இரண்டு எல்போக்களும் நின்றுவிட்டன.

கழன்ற குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி பதறிப்போனாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன ஆகும்? இப்பதான் எல்லாம் விளங்கியிருக்கு. வளைவெல்லாம் மெதுவா, வழுக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும். வாய் பெருசா இருக்கணும். முழு மூணு இஞ்ச்."

"அப்ப முழு மூணே போட்டுடுங்க."

"நீ ஒருத்திதான் என்னைப் புரிஞ்சுக்கறே."

"வேற யாரு புரிஞ்சுக்குவா?"

சனிக்கிழமை. சைலன்சர் கடைக்காரர் குழாயையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

"மூணு," என்றார் பிளம்பர். "உங்க மூணு. வெளி அளவு மூணு."

"வளைவெல்லாம் மெஷின்ல நசுங்காம வளைச்சுத் தரேன். ஆனா முன்னயே சொன்னேன், அடியில இடம் இல்ல. மூணு இஞ்ச் போனா பெரிய சைலன்சர் உட்காராது. சின்னதுதான் வைக்கலாம். சத்தம் வரும்."

"வரட்டும்."

"பெருசா வரும்."

"பெரிய எஞ்சின்னு நினைச்சுக்கட்டும்."

"ரெண்டரை போட்டா நல்ல சைலன்சரா வைக்கலாம். பலத்துல உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. இப்பவும் சொல்றேன்..."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க," என்றார் பிளம்பர். "எங்க சகலை எனக்கு ஜன்னலோரம் தர்றதா சொல்லியிருக்காரு."

கடைக்காரருக்கும் சகலைகள் இருந்திருக்க வேண்டும். வெல்டிங் கண்ணாடியை முகத்துக்கு இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை வண்டியை முடுக்கியதும் தெருவிலிருந்த புறாக்கள் வேறு தெருவுக்குப் போயின. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. கடைசி ஜன்னலில் டீச்சரின் முகம் தெரிந்தது. பிறகு அதுவும் சாத்தப்பட்டது. மனைவி இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கோயில் சிலை போல அமைதியாக உட்கார்ந்தாள்.

மலையடிவாரத்தில் சகலை காத்திருந்தார். பக்கத்தில் மனைவியின் அக்கா. சகலை கண்ணாடியை இறக்கி என்னவோ சொன்னார். பிளம்பருக்கு வாயசைவுதான் தெரிந்தது. அதில் ஜன்னல் என்று வந்தது போலிருந்தது. பதிலுக்கு எஞ்சினை ஒருமுறை உறும வைத்தார்.

இரண்டு வண்டிகளும் கிளம்பின.

முதல் வளைவில் சகலை முன்னால். இரண்டாவது வளைவிலும் சகலை முன்னால். பிளம்பர் ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தினார். காலுக்குக் கீழே இனி இடமே இல்லை. முன்னால் போன சகலையும் அப்படித்தான் அழுத்தியிருக்க வேண்டும். அவர் தோள் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்திருந்தது. இந்த வேகப் போட்டியை ஒரு பால் வண்டி தாண்டிப் போயிற்று. கேஸ் அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு ஸ்கூட்டர் தாண்டிப் போயிற்று. இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சகலைகளுக்கு நடுவே மற்றவர்களுக்கு என்ன வேலை?

"பார்த்தியா? போன வாரம் இந்த இடத்துல டாட்டா காட்டினாரு. இப்ப ஒட்டியே வர்றேன்," என்று பிளம்பர் கத்தினார்.

மனைவி பஞ்சுக் காதோடு புன்னகைத்தாள்.

நாலாவது வளைவு நெருங்கியது. மலைச்சுவரில் பட்டுத் திரும்பிய சத்தம் இரண்டு மடங்காயிற்று. அடுத்த வளைவில் நாலு மடங்கு. திடீரென்று முன்னாலிருந்த சகலையின் வண்டியில் ஓரம் கட்டுகிற விளக்கு மினுக்கியது. வண்டி பவ்வியமாகப் புல்தரை ஓரம் ஒதுங்கி நின்றது. ஜன்னல் வழியாகச் சகலையின் கை வெளியே வந்து, போங்க போங்க என்று முன்னால் வீசியது.

பிளம்பர் போனார். போகும்போது டாட்டா காட்ட மறக்கவில்லை.

மலை உச்சியில் மச்சான் வாசலுக்கு ஓடி வந்து, பிளம்பரைத் தாண்டி அவருக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்.

"லாரி எங்க மாப்பிள்ளை?"

"எந்த லாரி?"

"ஏதோ லாரி ஏறி வர்ற சத்தம் கேட்டுதே. காம்பவுண்டுச் சுவருக்குச் சொன்ன மணல்தான் வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

சகலை வந்து சேர்ந்தபோது பிளம்பர் கைகால் கழுவி, மேஜையில் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க சகலை."

"என்னத்தைச் சொல்ல? மலையில எதிரொலிச்சதுல உங்க சத்தம்னே தெரியலை, பின்னாடி பாரம் ஏத்தின லாரி முட்ட வருதுன்னு நினைச்சு ஒதுங்கினேன். கண்ணாடியில பார்க்கவே பயமா இருந்துச்சு."

"லாரியிலயும் டர்போ டீசல்தான் சகலை. இனம் இனத்தோட சேர்ந்திருக்கு. நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க."

சகலை மச்சானைப் பார்த்தார். மச்சான் சோற்றைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை.

"சகலை, உங்க வண்டிதான் வண்டி."

"பாட்டாவே பாடறேன்னீங்க."

"சாப்பிட விடுங்க சகலை."

பிளம்பர் விட்டுவிட்டார். ஜெயித்தவருக்குப் பெருந்தன்மை தானாக வரும். சாப்பாடு முடிவதற்குள் சகலை நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தார்.

"சகலை, உண்மையைச் சொல்லுங்க. அந்தக் குழாய்தானா?"

"குழாய்தான்."

"என் வண்டிக்கும் மலையில கொஞ்சம் மூச்சு வாங்குது. வெளிய யார்கிட்டயும் சொன்னதில்ல. கால் தரையில முட்டுது, வண்டி நகர மாட்டேங்குது."

"அதே நோய்தான். நீங்க பெட்ரோல், உங்களுக்கு வேற அளவு வேணும். ரெண்டேகால் போடலாம். கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்."

"நீங்கதான் பார்த்து ஒரு வழி பண்ணணும்."

எதிரியைச் சிஷ்யனாக்கின சந்தோஷத்தில் பிளம்பருக்கு இன்னொரு தடவை சோறு இறங்கியது. சமையலறையில் அக்காளும் தங்கையும் பாத்திரம் கழுவிக்கொண்டே தணிந்த குரலில் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். வெற்றியும் தோல்வியும் அவர்களை அண்டவில்லை போலிருந்தது.

திரும்பி வரும்போது பிளம்பரின் வாய் ஓயவில்லை. மனைவி பஞ்சை எடுத்துவிட்டாள். இறக்கத்தில் எஞ்சின் அதிகம் சத்தம் போடவில்லை.

"மூணு இஞ்சுக்கே இந்த வேகம்னா, மூணரை போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு."

"என்ன ஆகும்?"

"அடுத்த வாரம் பால் வண்டியைப் பிடிக்கலாம். பைபாஸ்ல பஸ்ஸைப் பிடிக்கலாம். அந்த வளைவெல்லாம் பிரேக்கைத் தொடாமயே எடுத்துடுவேன். இப்பதான் எனக்கு ஓட்டற ருசியே தெரியுது."

ஒரு வாரமாக எதற்கும் தலையாட்டின மனைவி, இதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வண்டிக்குள்ள ஒரே கரியும் எண்ணெயுமா இருக்கு," என்றாள். "நாளைக்குத் தரைக்கம்பளத்தைப் பார்க்கறதுக்கு ஆள் வரச் சொல்லியிருக்கேன்."

"வரட்டும், வரட்டும். ஜெயிச்ச வண்டி, பளிச்சுன்னு இருக்க வேணாமா?"

மறுநாள் காலை பிளம்பர் காருக்கு அடியில் படுத்து, மூன்றரை அங்குலக் குழாய்க்கு இடம் இருக்கிறதா என்று விரலால் அளந்துகொண்டிருந்தார். இருந்தது. இல்லாவிட்டாலும் உண்டாக்கிக்கொள்ளலாம்.

தெருவில் செருப்புச் சத்தம் வந்து வண்டியருகே நின்றது. சீட் கவர் கடைக்காரரின் செருப்பு. கார் வாங்கிய வாரம் இருக்கை உறையும் தரைக்கம்பளமும் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்தது. கம்பளத்தை உரிக்கிற சத்தம். உள்ளே எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம். பிளம்பர் "வாங்க" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மனைவியின் கால்கள் வாசல்படி இறங்கி அவசரமாக வருவது தெரிந்தது.

அடியில் ஆள் படுத்திருப்பது தெரியாமல் சீட் கவர் கடைக்காரர் அவளிடம் கேட்டார்:

"அக்கா, ஆக்சிலேட்டர் முழுசா அமுங்காம இருக்கக் கம்பளத்துக்கு அடியில நீங்க வைக்கச் சொன்ன ரப்பர் கட்டை தேஞ்சுபோச்சு, இந்தத் தடவை உங்க அக்கா அவங்க வீட்டுக்காரர் வண்டிக்கு வைக்கச் சொன்ன பெரிய சைஸையே வச்சிடட்டுமா?"